கோன்கள் காணாத பூ

2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சிக் கோட்டை ஏறினதுலேர்ந்து, பட்டணத்து நண்பர்கள் அடிக்கடி வர்றாங்க. ராஜகிரி ஏறி மூச்சு வாங்க உட்காரும் இடத்துலயே ஒரு பூ இருக்கும். யாரும் படம் எடுக்க மாட்டாங்க. சாண் உயரக் காம்பு, நுனியில் மஞ்சள் பொட்டு, சுத்தி வெளிறின நாலஞ்சு இதழ். சூரியகாந்திக் குடும்பம். வெட்டுக்காயப்பூண்டு என்போம். கிணற்றடிப்பூண்டு, தாத்தாப்பூ என்றும் பெயர் உண்டு.

புல் அறுக்கும்போது கருக்கருவா விரலைக் கிழிச்சா, நாலு இலையைக் கசக்கிச் சாறு விடுவோம். ரத்தம் நின்னுடும்.

"சித்தர்கள் சொன்ன ஐயாயிரம் வருஷ மூலிகை" என்று வாட்ஸப்பில் சுத்துது. அதுக்கு வழியே இல்லைங்க. இதன் பூர்வீகம் மெக்சிகோவும் நடு அமெரிக்காவும். 1753இல் லின்னேயஸ் இதுக்குப் பெயர் வைத்தபோது, விளையும் இடம் என்று குறித்தது மெக்சிகோவின் வெராகுரூஸை. 1492இல் கொலம்பஸ் கடல் தாண்டுவதற்கு முன்னால் நம்ம மண்ணில் இது முளைத்திருக்க முடியாது. இங்கே முதல் கோட்டையைக் கட்டியதாகச் சொல்லப்படும் கோன்கள் இந்தப் பூவைக் கண்டதே இல்லை.

கப்பல் ஏறி வந்தது இது மட்டுமா? செஞ்சி மார்க்கெட்டில் மூட்டை மூட்டையா இறங்குற மல்லாட்டையும் தென் அமெரிக்கச் சரக்குதான். மணிலாக்கொட்டை என்ற பேரே மருவி மல்லாட்டை ஆச்சு. மிளகாயும் அப்படித்தான். ஆனா அதையெல்லாம் ஆள் விதைச்சான். பூண்டுக்கு ஆள் வேண்டாம். விதைக்குப் பஞ்சுக் குடை உண்டு, காத்துல பறக்கும். தண்டு தரையைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் விடும்.

பேர் தெரியாத வெளியூர்க் களை ஒண்ணு வரப்புக்கு வருது. ஆடு தின்னதைப் பார்த்தவங்க, முயலுக்குப் போட்டவங்க, அறுபட்ட விரலில் பிழிஞ்சு பார்த்தவங்கன்னு சில தலைமுறைக்குள்ள அதை மருந்தாக்கிட்டாங்க. அந்தப் பேரைத் தூக்கி ஓலைச்சுவடிக்குக் கொடுத்துட்டா, பிழிஞ்சு பார்த்த கிழவிக்கு என்ன மிச்சம்? அமெரிக்க அரசு இதைத் தீய களைப் பட்டியலில் வச்சிருக்கு என்பது வேற கதை.

இப்போ எங்க பக்கம் வரப்புக்கெல்லாம் களைக்கொல்லி அடிக்கிறாங்க. அதனால கிணத்தடியில முளைச்சதை மட்டும்தான் பறிக்கிறேன். நீங்களும் அடுத்தவங்க வரப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி மருந்து அடிச்சாங்களான்னு கேட்டுக்கோங்க. காயம் ஆழமா இருந்தாலோ, துருப்பிடிச்ச இரும்பு கிழிச்சிருந்தாலோ நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கணும்.