கற்பிட்டி மணலுள் நன்னீர்



பெருநகரங்களிலே பழைய நீரேற்று நிலையங்களைப் பொதுமக்கள் சென்று காண்பதுண்டு. இலண்டன் கியூ பாலத்தருகே 1846ஆம் ஆண்டில் அமைத்த மாபெரும் நீராவிப் பொறி இன்றும் காட்சிக்கு இருக்கின்றது. சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 1914ஆம் ஆண்டு தொடங்கிய நிலையம் இன்றும் நகருக்கு நீர் வழங்குகின்றது. புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் குடாநாட்டில் அத்தகைய பழம்பெரும் பொறிமனை இல்லை. ஆயினும் நீரிறைத்த வரலாறு அங்கே ஒவ்வொரு தோட்டத்துக் கிணற்றடியிலும் உண்டு.

மேற்கே கடல், கிழக்கே களப்பு, நடுவே ஒடுங்கிய மணல்நிலம். ஆறொன்றும் அங்கில்லை. மாரி மழை மணலில் ஊறி, கீழுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. உவர்நீரினும் நன்னீர் எடை குறைந்தது என்பதே இதற்குக் காரணம்.

ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டினர். ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின் அவர்தம் நாட்டவரான பாடன் கைபனும், 1901இல் ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க்கும் இந்நீரின் கணக்கை விளக்கினர். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி நிற்கும். மேலே ஓரடி நிரந்தரமாகக் குறையுமாயின், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி ஏறிவரும் என்பது இதன் பொருளன்றோ?

துலாவும் வாளியும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வாபத்துச் சிறிது. கை களைத்தது, இறைப்பு நின்றது, கிணறு மீண்டும் ஊறியது. மனிதனுடைய களைப்பே நிலத்தடி நீருக்குக் காவலாயிற்று. பின்னர் எண்ணெய்ப் பொறியும் மின்பம்பும் வந்தன. வெங்காயமும் மிளகாயும் செழித்தன. உழவரின் முதுகுச் சுமையும் குறைந்தது. ஆனால் பொறிக்குக் களைப்பில்லை.

இன்னொன்றும் உண்டு. மணலில் இடும் உரம் நீருடன் கீழிறங்குகின்றது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு மீறப்பட்டிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். அதே நீரையே குழந்தைகளும் பருகுகின்றனர்.

பொறியைப் பழிப்பது பேதைமை. முன்பு உடல் விதித்த அளவை இனி அறிவு விதிக்கவேண்டும். இடைவிட்டு இறைத்தலும், பயிருக்கு வேண்டிய அளவே உரமிடுதலும், கிணற்று நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து குறித்தலும் எவர்க்கும் இயலும். அவ்வளவீட்டைப் பாடசாலை மாணவரும் செய்யலாம். ஒரு கயிறும் ஒரு குறிப்பேடும் போதும்.