வட்டுக்கோட்டைச் செமினரி: நோக்கமும் விளைவும்

ஈழத்துக் கல்வி வரலாற்றிலே வட்டுக்கோட்டைச் செமினரி பெறும் இடம் தனித்தன்மை வாய்ந்தது. 1823ஆம் ஆண்டு முதல் 1855ஆம் ஆண்டு வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே நிலவிய இச்சிறு கலாசாலை, அரசாங்க நிறுவனமன்று. பட்டம் வழங்கும் உரிமையும் அதற்கு இருக்கவில்லை. எனினும் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1850இல் வெளியிட்ட தமது நூலிலே, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது என இதனைப் பாராட்டினார். இத்தகைய நிறுவனம் ஐந்தே ஆண்டுகளில் மூடப்பட்டமை ஏன்? நிறுவியோர் நாடியதற்கும் கற்றோர் பெற்றதற்கும் இடையே வளர்ந்த முரண்பாட்டிலேயே இதற்கான விடை தங்கியுள்ளது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்திலே தமது பணியைத் தொடங்கினர். கிராமப் பாடசாலைகளையும் விடுதிப் பாடசாலைகளையும் நிறுவிய அவர்கள், சுதேச போதகர்களையும் ஆசிரியர்களையும் உருவாக்க உயர்கல்லூரி ஒன்று வேண்டுமெனக் கருதினர். ஆனால் அமெரிக்கர் இங்கு கல்லூரி அமைப்பதற்குப் பிரித்தானிய ஆட்சியாளர் இசையவில்லை. எனவே 1823இல் ‘மத்திய பாடசாலை’யாகத் தொடங்கிய நிறுவனம், 1827இல் ‘செமினரி’ என்னும் பெயரைப் பெற்றது. அதன் முதலாவது அதிபர் டானியல் பூவர் தமிழை நன்கு கற்றவர்.

மாணவர் வாழ்க்கை ஆரம்பத்திலே பெரும் சமூகச் சிக்கல்களுக்கு உள்ளாயிற்று. மிஷன் வளவுக்குள் சமைத்த உணவை உண்ண உயர்சாதியினர் மறுத்தமையால், தொடக்ககால விடுதிப் பாடசாலைகளிலே சமையற்கட்டினை அயலிலுள்ள சைவரின் காணியில் அமைக்க வேண்டியேற்பட்டது. காலப்போக்கில் இவ்வழக்கம் தளர்ந்தது. அமெரிக்க நன்கொடையாளரின் பொருளுதவியிற் கற்ற மாணவர்க்கு அந்நன்கொடையாளர் விரும்பிய பெயர்களே சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என வழங்கும் இரட்டைப் பெயர்கள் இவ்வரலாற்றின் சான்றுகளாம். ஒரே பெயருக்குள் இரண்டு உலகங்களைச் சுமந்தவர்கள் அவர்கள்.

பாடத்திட்டமும் அவ்வாறே இரு உலகங்களைத் தழுவியது. ஆங்கிலம், கேத்திரகணிதம், அட்சரகணிதம், திரிகோணகணிதம், வானவியல், பௌதிகம் என்பவற்றோடு கிறித்தவ சமயமும் கற்பிக்கப்பட்டது. அதேவேளை தமிழ் இலக்கண இலக்கியங்களும் வடமொழியும் இடம்பெற்றன. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிகழ்ந்த சந்திரகிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்திற் கணித்த நேரத்துக்கும் பூவர் கணித்த நேரத்துக்கும் வேறுபாடு இருந்தது. பூவரின் கணிப்பே சரியெனக் கண்டமை யாழ்ப்பாணத்தார் மத்தியில் பெருவியப்பை ஏற்படுத்தியது. இதனைச் சமயப் பிரசாரத்துக்குரிய வெற்றியாகவே மிஷனரிமார் கொண்டனர். ஆனால் பின்னர் அதிபராயிருந்த ஹொய்சிங்ரன், இந்து வானசாத்திரம் பற்றி 1848இல் நூலொன்றை வெளியிட்டதோடு, சிவஞானபோதம் முதலிய சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1854இல் அமெரிக்காவில் வெளிவரச் செய்தார். கற்பிக்க வந்தவர் கற்பவராகவும் மாறினர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மாணவர்பால் விளைந்த பயன் இதனினும் பெரிது. 1841இல் வெளிவரத் தொடங்கிய ‘உதயதாரகை’ப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பைச் செமினரியிற் கற்ற ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் ஏற்றனர். தருக்க சாத்திரத்தைத் தமிழில் விளக்கும் ‘நியாய இலக்கண’த்தை 1850இல் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையும், ‘வீசகணித’த்தை 1855இல் கரோல் விசுவநாதபிள்ளையும் வெளியிட்டனர். ஆங்கிலத்திற் பயின்ற அறிவைத் தமிழுக்குக் கொணரும் ஆற்றல், இரு மொழியிலும் ஆழ்ந்த பயிற்சியுடையோர்க்கே வாய்த்தது.

எனினும் நன்கொடையாளரின் கணக்கு வேறு. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் போதகராகாது அரசாங்க உத்தியோகத்தையே நாடினர். கட்டணம் செலுத்திக் கற்க வந்தோரும் அதன்பொருட்டே வந்தனர். அமெரிக்க மிஷன் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் 1855இல் இங்கு வந்தபோது, சுதேச மொழி வாயிலாகவே திருச்சபை வளரவேண்டும் என வற்புறுத்தினார். செமினரி மூடப்பட்டது. தாய்மொழியின் பெயரால் எடுக்கப்பட்ட இம்முடிவு, தாய்மொழியில் புதிய அறிவு நூல்கள் உருவாகிய களத்தையே இல்லாதொழித்தது என்பது வரலாற்றின் முரண் எனலாம். கிறீன் வைத்தியர் 1864 தொடக்கம் மானிப்பாயிலே தமிழில் மேலைத்தேய வைத்தியம் கற்பித்தமை உண்மையே. ஆயினும் அது ஒரு துறைக்குள் அடங்கிய முயற்சியாகும்.

மூடப்பட்டு இரண்டாண்டுகளுள், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் தனது முதலாவது பி.ஏ. பரீட்சையை நடத்தியபோது சித்தியெய்திய இருவரும் செமினரி மாணவராயிருந்தனர். அவர்கள் சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையுமாவர். இருவரும் பிற்காலத்திற் சைவத்துக்குத் திரும்பினர் என்பது நிறுவியோர் எண்ணியிராத விளைவு. 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையின் பணியிலே, செமினரி அளித்த பயிற்சியின் ஒழுங்கைக் காணலாம். பழைய மாணவரதும் யாழ்ப்பாணக் கிறித்தவரதும் ஊக்கத்தால் 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

செமினரியை இலட்சிய நிறுவனமாகக் கொள்வது பொருந்தாது. அங்கு கற்றோர் ஆண்கள், பெரும்பாலும் வேளாளர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதன் கதவு பரவலாகத் திறக்கவில்லை. கல்வியின் பயன் உத்தியோக வர்க்கமொன்றின் தோற்றத்துக்குத் துணைபுரிந்தது என்பதும் மறுக்கவொண்ணாதது. ஆயினும், கல்விக்குப் பொருள் வழங்குவோர் அதன் நோக்கத்தை வகுக்கலாம். அதன் விளைவை வகுப்போர் மாணவரே என்பதை இச்சிறு கலாசாலையின் வரலாறு உணர்த்துகின்றது. நோக்கம் நிறைவேறவில்லை எனக் கூறி அண்டர்சன் மூடிய அந்நிறுவனத்தை, தமிழுலகம் அதன் விளைவுக்காகவே நினைவிற் கொண்டுள்ளது. உயர்கல்வி நிறுவனங்களை உடனடிப் பயனை மட்டும் கொண்டு அளவிட முற்படும் எவரும் இவ்வரலாற்றை மனங்கொள்ளல் நன்று.