எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் உடனிருக்கும் துணையும்

எலும்புகளின் உள்ளே இருக்கும் மென்மையான திசு எலும்பு மஜ்ஜை. ரத்தத்தின் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் அங்கேதான் உருவாகின்றன. சில வகை ரத்தப் புற்றுநோய்களிலும், தலசீமியா, அப்ளாஸ்டிக் அனீமியா போன்ற நோய்களிலும், பழுதான மஜ்ஜையை மருந்தால் ஒடுக்கிவிட்டு நல்ல ஸ்டெம் செல்களைச் செலுத்துகிறார்கள். இதை அறுவைச் சிகிச்சை என்று பலர் எண்ணுகிறார்கள். நோயாளிக்கு அது ரத்தம் ஏற்றுவதைப் போன்றதுதான். சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முந்தைய வாரங்களும் பிந்தைய நூறு நாட்களுமே கடினமானவை. அந்த நாட்களில், திருமணமான நோயாளிக்குப் பெரும்பாலும் கணவனோ மனைவியோதான் துணை.

இச்சிகிச்சையின் வரலாறே ஒரு கணவன் மனைவியின் வரலாறு. அமெரிக்க மருத்துவர் டொன்னால் தாமஸ் 1957இல் வெளியிட்ட கட்டுரையில் மஜ்ஜை செலுத்தப்பட்ட ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஒருவரும் நூறு நாள் தாண்டவில்லை. பலர் கைவிட்ட இந்த ஆய்வை அவர் பின்னர் சியாட்டில் நகரில் தொடர்ந்தார். 1990இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் மனைவி டாரதி இதழியல் படித்தவர். கணவர் மருத்துவம் படிக்கச் சென்றபோது தம் படிப்பை விட்டு ஆய்வகத் தொழில்நுட்பம் கற்றார். பிறகு வாழ்நாள் முழுவதும் அவருடைய ஆய்வகத்தில் உழைத்தார், கட்டுரைகளைத் திருத்தினார். 'எலும்பு மஜ்ஜை மாற்றின் தாய்' என்று அவரைச் சொல்வதுண்டு. பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

இந்தியாவில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1983இல் முதல் மாற்று நடந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் மம்மன் சாண்டியின் குழு 1986இல் தொடங்கியது.

புதுக்கோட்டைக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. இங்கே 1886இல் பிறந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். தங்கையின் துன்பத்தை அருகிருந்து பார்த்தவர், 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நோயாளியின் அருகே உட்கார்ந்திருந்த ஓர் உறவினரின் மனத்தில் பிறந்த மருத்துவமனை அது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு.

துணை தர முடியாதது

"என் ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், என் எலும்பிலிருந்தே எடுங்கள்" என்பதுதான் கணவனோ மனைவியோ முதலில் சொல்வது. பெரும்பாலும் இரண்டும் ஏற்கப்படுவதில்லை. மஜ்ஜைக்கு எச்.எல்.ஏ. என்னும் திசுப் பொருத்தம் வேண்டும். அது தாய் தந்தையிடமிருந்து பாதிப்பாதியாக வருவது. உடன்பிறந்த ஒருவரிடம் முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பெற்றோரும் பிள்ளைகளும் பாதிப் பொருத்தம். இப்போது பாதிப் பொருத்தத்திலும் மாற்று செய்கிறார்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களில் மற்ற உறவினரிடமும் பொருத்தம் அமைய வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆகவே யாருக்கு யார் என்ன முறை என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்பார். வெட்கப்படாமல் சொல்ல வேண்டும்.

குடும்பத்தாரின் ரத்தத்தை மாற்றுக்கு முன் நோயாளிக்கு ஏற்றுவதையும் தவிர்ப்பார்கள். உறவினரின் அணுக்களைப் பார்த்துப் பழகிய உடல், பிறகு வரும் மஜ்ஜையை எதிர்க்கக்கூடும். பிள்ளை பெற்ற பெண்ணின் உடலில் கணவருடைய திசுக் கூறுகளுக்கு எதிர்ப்பு ஏற்கெனவே உருவாகியிருக்கலாம். எனவே துணையின் வேலை, வெளியிலிருந்து ரத்தமும் தட்டணுவும் தருவோரைத் திரட்டுவது. ஊர் இளைஞர்களின் தொலைபேசி எண்களை ரத்த வகையோடு முன்பே எழுதி வைத்துக்கொண்டால் நடு இரவில் அலைய வேண்டியதில்லை.

சேர்க்கைக்கு முன்

இதயம், நுரையீரல், சிறுநீரகம் எல்லாம் சோதிக்கப்படும். பல் மருத்துவரிடமும் அனுப்புவார்கள். எதிர்ப்புச் சக்தி அற்றுப்போகும் நாட்களில் ஒரு சொத்தைப் பல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். பிறகு மார்பின் பெரிய ரத்தக்குழாயில் ஒரு குழாய் பொருத்தப்படும்.

இளம் தம்பதியர் கேட்டே ஆகவேண்டிய ஒன்று உண்டு. தீவிர மருந்துகளால் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். விந்தணு, கருமுட்டை ஆகியவற்றை முன்கூட்டியே உறையவைத்துச் சேமிக்க முடியும். மருந்து தொடங்கிய பின் கேட்டுப் பயனில்லை. நம் ஊரில் மாமியாரும் மைத்துனரும் சூழ்ந்திருக்க, இதைக் கேட்க வாய் வராது. கணவனும் மனைவியும் மருத்துவரிடம் தனியே பேச நேரம் கேட்பதில் தவறில்லை.

பணத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற கிராம நிர்வாக அலுவலரின் சான்றும் தேவை. புதுக்கோட்டைக்காரருக்கு வேலூரும் சென்னையும் ஓர் இரவுப் பயணத் தொலைவு. மாதக்கணக்கில் அருகிலேயே தங்க வேண்டியிருப்பதால் அறை வாடகை, சமையல், ஊரில் விட்டுவந்த பிள்ளைகள், ஆடு மாடு என்று எல்லாவற்றுக்கும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். வேலூரில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொள்ள இடம் தரும் விடுதிகள் உண்டு.

சமையல் இங்கே மருந்துக்குச் சமம். பல மையங்களில் குக்கரில் நன்றாக வெந்த, அப்போதே சமைத்த உணவுதான். பச்சைத் தேங்காய்ச் சட்னி, கடைப் பலகாரம், பச்சைக் காய்கறி கூடாது. பூவும் செடியும் அறைக்குள் வரக்கூடாது; மல்லிகைச் சரத்தைக் கழற்றிவிட்டுத்தான் மனைவி உள்ளே போக வேண்டும். கை கழுவுவதற்குக் கணக்கே இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம் அவசியம் என்பேன் (ஆசிரியர் புத்தி!). காய்ச்சல் அளவு, குடித்த நீர், போன சிறுநீர், மாத்திரை நேரம் ஆகியவற்றைத் தேதியோடு எழுத வேண்டும். வெப்பம் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் செவிலியரிடம் உடனே சொல்ல வேண்டும்.

மருந்து கொடுக்கும் நாட்களை மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு என்று பின்னோக்கி எண்ணுவார்கள். செல்கள் ஏறும் நாள் பூஜ்யம். தன் செல்களையே உறையவைத்துத் திரும்பச் செலுத்தும் முறையில், அவற்றைக் காக்கும் திரவத்தால் அறையில் பூண்டு போன்ற நெடி ஒரு நாள் நிற்கும். முன்பே தெரிந்திருந்தால் துணை பதறமாட்டார். ஜன்னலைத் திறக்கவும் ஓடமாட்டார்.