யார் கையில் ஆயுதம்? - தமிழகத்தில் ஆயுதச் சட்டங்களின் கதை

கீரனூரிலிருந்து திருச்சி சாலையில் வடக்கே கொஞ்ச தூரம் போனால் பழைய புதுக்கோட்டை சமஸ்தானத்தின் எல்லை முடிந்துவிடும். இன்று அங்கே ஒரு மாவட்ட வரவேற்புப் பலகையைத் தவிர வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆனால் 1948 வரை அந்த எல்லைக்கு இந்தப் பக்கம் தொண்டைமான் ஆட்சி, அந்தப் பக்கம் ஆங்கிலேயர் ஆட்சி. இரண்டு பக்கமும் ஒரே பேச்சு, ஒரே விவசாயம், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவு. ஆனாலும் வீட்டில் துப்பாக்கியோ ஈட்டியோ வைத்திருக்கலாமா என்ற கேள்விக்குச் சட்டம் எழுதியவர்கள் வேறு வேறு.

அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதெல்லாம் நம் ஊரிலும் ஒரு பேச்சு வரும். "அங்கேதான் ஆளுக்கொரு துப்பாக்கி, நமக்கு அந்தப் பழக்கமே இல்லை" என்பார்கள். அது உண்மையல்ல. தென் தமிழகத்தில் ஆயுதம் வைத்திருப்பது ஒரு காலத்தில் சாதாரண விஷயம். அது எப்படிப் போனது, யாரிடமிருந்து போனது, யாரிடம் தங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

காவல்காரர் காலம்

பாளையக்காரர் காலத்தில் தனியாகப் போலீஸ் என்று ஒன்று கிடையாது. ஊருக்கு ஊர் காவல் உரிமை பெற்ற குடும்பங்கள் இருந்தன. இதைப் படிக்காவல் என்றும், பெரிய பரப்பைக் காப்பதைத் திசைக்காவல் என்றும் சொல்வார்கள். திருடு போனால் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். அதற்குப் பதிலாக நிலமோ நெல்லோ கிடைக்கும். காவல்காரன் கையில் வேல், ஈட்டி, அரிவாள், வசதியிருந்தால் திரி வைத்துச் சுடும் துப்பாக்கி. பாளையக்காரர் கூப்பிட்டால் இதே காவல்காரன்தான் படைவீரனும்.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளுக்கே உரிய இன்னொரு ஆயுதம் வளரி. பிறை வடிவில் வளைந்து, ஒரு முனை கனமாகவும் மறு முனை மெலிந்தும் இருக்கும். பெரும்பாலும் வயிரம் பாய்ந்த மரம், சில சமயம் இரும்பு. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த தந்த வளரிகளும், புதுக்கோட்டையின் மர வளரிகளும் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. கள்ளர் சமூகத் திருமணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரி மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்ததாகவும் பதிவுகள் உண்டு. கர்னல் ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, வளரி வீசத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று பிற்காலத்தில் எழுதி வைத்தார். பின்னாளில் அதே சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார்.

1799 முதல் 1801 வரை

1799ல் மேஜர் பானர்மேன் தலைமையில் வந்த கம்பெனிப் படை பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தது. அக்டோபர் 16ம் தேதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். உடனே மற்ற பாளையக்காரர்களுக்கு உத்தரவு போனது. கோட்டைகளை இடிக்க வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும்.

உத்தரவு போட்டுவிட்டால் போதுமா? இரண்டே வருடத்தில் ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் சேர்ந்து முன்பைவிடப் பெரிய போரைத் தொடங்கினார்கள். 1801 ஜூன் 16ம் தேதி சின்ன மருதுவின் அறிக்கை திருச்சியில் நவாபின் கோட்டை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அக்டோபர் 24ம் தேதி மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரைக்கும் அதே முடிவு.

1801 டிசம்பர் 1ம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். (இவர் பிளாசிப் போர் ராபர்ட் கிளைவின் மகன்.) தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. மீறினால் மரண தண்டனை வரை உண்டு. ஆயுதத்தை ஒப்படைப்பவர்களுக்கு மன்னிப்பு. அடுத்து வந்த நிலவரி ஏற்பாட்டில் பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். படை வைத்திருந்தவர், வரி வசூலித்துக் கட்டுபவராக மாறினார்.

தமிழகம் கண்ட முதல் பெரிய ஆயுதத் தடைச் சட்டம் என்று இதைச் சொல்லலாம். இது வந்ததற்குக் காரணம் கொலையோ கொள்ளையோ பெருகியது அல்ல. கம்பெனிக்கு எதிராக எழுந்தவர்கள் மறுபடி எழக்கூடாது என்பதுதான் காரணம். ஆனால் அடி விழுந்தது பாளையக்காரர்களோடு நிற்கவில்லை. காவல்காரனிடமிருந்து வேலைப் பிடுங்கியபோது அவனுடைய தொழிலும் வருமானமும் சேர்ந்தே போயின.

புதுக்கோட்டை மட்டும் எப்படித் தப்பியது?

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய கட்டபொம்மன் பிடிபட்டது புதுக்கோட்டைச் சீமையின் காட்டில். அவரைக் கம்பெனியிடம் ஒப்படைத்தது தொண்டைமான் தரப்பு. 1801 போரிலும் புதுக்கோட்டைப் படை கம்பெனி பக்கமே நின்றது. அதற்குப் பரிசாக 1803ல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த பகுதியும் கிடைத்தன. வருடத்துக்கு ஒரு யானை கப்பம் என்று நிபந்தனை. அந்த யானையையும் கம்பெனி வற்புறுத்திக் கேட்கவில்லை, 1836ல் முறைப்படி தள்ளுபடி செய்துவிட்டது.

இந்த வரலாற்றைப் பேசும்போது இன்றும் சூடு பறக்கும். துரோகமா, தன் சீமையைக் காப்பாற்றிய ராஜதந்திரமா என்று வாதம் நடக்கும். அந்த வாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஆயுதக் கணக்கில் பார்த்தால் விளைவு தெளிவானது. சிவகங்கைச் சீமையில் வேல் வைத்திருந்தவன் குற்றவாளி. எல்லை தாண்டி தொண்டைமான் சீமையில் அதே வேலை வைத்திருந்தவன் அரசரின் வீரன். புதுக்கோட்டையில் அமரக்காரர்கள் என்ற, நிலம் பெற்றுக்கொண்டு படை சேவை செய்யும் குடும்பங்கள் தொடர்ந்து இருந்தன. திவான் சேஷையா சாஸ்திரி காலத்தில், 1888ல் நடந்த இனாம் செட்டில்மெண்டில்தான் அந்தப் பழைய ஏற்பாடு முடிவுக்கு வந்தது. அதுவும் தண்டனையாக அல்ல, நிர்வாகச் சீர்திருத்தமாக.

வேல் ஒன்றுதான். அதை வைத்திருந்தவன் யாருடைய ஆள் என்பதுதான் வேறு.

இதற்குப் பக்கத்து மாநிலத்தில் உயிரோடு இருக்கும் உதாரணம் குடகு. ஆங்கிலேயருக்கு விசுவாசமாக இருந்ததற்காகக் குடகு மக்களுக்கு 1861ல் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைத்தது. கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமையாளர்களுக்கும் அந்த விலக்கு இன்றும் தொடர்கிறது. 2019ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது.

லிட்டனின் சட்டம்

1857 கிளர்ச்சிக்குப் பிறகு தென் தமிழகத்தில் நடந்தது இந்தியா முழுக்க நடந்தது. 1857லும் 1860லும் சட்டங்கள் வந்தன. பிறகு வைஸ்ராய் லிட்டன் 1878ல் இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டு வந்தார். அதே ஆண்டில்தான் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டும் சட்டமும் வந்தது. பின்னால் வந்த ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தை நீக்கினார். ஆயுதச் சட்டம் அப்படியே இருந்தது.

1878 சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. ஐரோப்பியர்களுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் விலக்கு உண்டு. ஒரே ஊரில் ஒரு தோட்டத் துரை கேட்காமலே துப்பாக்கி வைத்திருக்கலாம். அவர் வீட்டுக்குப் பக்கத்து வயல்காரர் காட்டுப்பன்றியை விரட்ட வேண்டுமென்றாலும் மனு எழுதிக் காத்திருக்க வேண்டும். இந்த நிற வேற்றுமை முதல் உலகப் போருக்குப் பிறகுதான் விதிகளிலிருந்து நீங்கியது. காங்கிரஸ் கூட்டங்களில் இந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடர்ந்து பேசப்பட்டதற்கு அந்த அவமானமும் ஒரு முக்கிய காரணம்.

இது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம். புதுக்கோட்டை, புதுச்சேரி போன்ற இடங்கள் அதற்கு வெளியே.

மணியாச்சியில் ஒரு பிஸ்டல்

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் மறைத்துக் கொண்டுபோகும் ஆயுதத்தைத் தடுக்க முடிந்ததா? 1911 ஜூன் 17ம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், ரயில் பெட்டிக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் பிஸ்டல். அவர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குப் போய் வ.வே.சு. ஐயரிடம் பயிற்சி பெற்றவர்.

ஈட்டியையும் நீளத் துப்பாக்கியையும் ஊர் பார்க்கும். பிஸ்டலை வேட்டி மடிப்புக்குள் வைத்துவிடலாம். பிரகடனம் போட்டு ஒப்படைக்கச் சொன்னால், ஒப்படைப்பவன் அதற்கு முன்பே சட்டத்துக்குப் பயந்தவனாக இருப்பான். பயப்படாதவன் எல்லை தாண்டிப் போய் வாங்கி வருவான். ஆயுதச் சட்டம் எழுதும் எல்லா நாடுகளும் இன்றுவரை மாட்டிக்கொண்டு முழிக்கும் சிக்கல் இதுதான்.

சுதந்திரம் வந்தபோது

பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும் ஒரு செய்தி. உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன், 1930 ஜனவரியில் காந்தியடிகள் வைத்த 11 கோரிக்கைகளில் ஒன்று, தற்காப்புக்காகத் துப்பாக்கி லைசென்ஸ் தர வேண்டும், அது மக்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது. 1931 கராச்சி காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம் பெற்றிருந்தது.

அப்படியானால் அது ஏன் நம் அரசியல் சட்டத்தில் இல்லை? 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. அந்தச் சபை எந்தச் சூழ்நிலையில் கூடியது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிவினைக் கலவரங்களின் ரத்தம் காயவில்லை. ஜனவரி 30ம் தேதி காந்தியடிகளே ஒரு பெரெட்டா பிஸ்டலுக்குப் பலியாகியிருந்தார். வெள்ளைக்காரனிடம் கேட்ட உரிமையை, சொந்த நாட்டில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கத் தலைவர்கள் துணியவில்லை.

அதற்குப் பதிலாக வந்ததுதான் 1959 ஆயுதச் சட்டம். 1962 அக்டோபர் 1ம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் தேவை என்பது அப்படியே தொடர்ந்தது. ஆனால் போதிய சொத்து இல்லை என்பதை மட்டுமே காரணம் காட்டி ஒருவருக்கு லைசென்ஸ் மறுக்கக் கூடாது என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி உண்டு. பயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டுத் துப்பாக்கி கேட்பவருக்கும் இடம் உண்டு. 1878ல் இருந்த துரைக்கும் குடியானவனுக்குமான வித்தியாசத்துக்கு, தாமதமாக வந்த பதில் அது.

மாநில அரசு சட்டம் போட முடியுமா?

அமெரிக்காவில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாமா என்பதற்கு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனி சட்டம் போடுகிறது. 2022ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நியூயார்க் மாநிலத்தின் ஒரு பழைய கட்டுப்பாட்டை ரத்து செய்தது. இந்தியாவில் கதை வேறு. ஆயுதங்கள், துப்பாக்கிகள், வெடிபொருட்கள் எல்லாம் அரசியல் சட்டத்தின் மத்தியப் பட்டியலில் 5வது இடத்தில் இருக்கின்றன. சட்டம் டெல்லியில். அதை நடத்திக் காட்டுவது கலெக்டர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும்.

2019ல் வந்த திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை 3லிருந்து 2 ஆகக் குறைத்தது. கல்யாணம், திருவிழாவில் கொண்டாட்டத்துக்காகச் சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம்.

ஆனால் தமிழ்நாட்டில் வன்முறைச் செய்தி என்றால் நினைவுக்கு வருவது துப்பாக்கி அல்ல, அரிவாள். சட்டத்துக்கு இது பெரிய தலைவலி. வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டுமே செய்யப்பட்ட கருவி ஆயுதம் ஆகாது என்கிறது 1959 சட்டம். தென்னை மட்டை வெட்டும் அரிவாளும் ஆளை வெட்டும் அரிவாளும் ஒரே பட்டறையில் பிறக்கின்றன. சில சமயம் ஒரே அரிவாள்தான் இரண்டும்.

பொது ஒழுங்கும் போலீசும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், மாநிலம் அந்த வழியாக உள்ளே வருகிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடிகளைத் தேடி மாநிலம் முழுக்கச் சோதனை நடத்தியது. கூடவே பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தல் போனது. அரிவாள், கத்தி வாங்க வருபவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதை எழுதி வைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும்.

குற்றத்தைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தை யாரும் குறை சொல்ல முடியாது. கொலையில் அப்பாவை இழந்த பிள்ளைகளிடம் போய்ச் சட்ட நுணுக்கம் பேச முடியாது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருப்பாச்சேத்தி போன்ற அரிவாளுக்குப் பேர் போன ஊர்களில் உலை ஊதி வாழும் குடும்பங்கள் சிறு தொழில் செய்பவர்கள். கேமரா செலவும் பதிவேட்டு வேலையும் அவர்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. கொலை செய்ய நினைப்பவன் பதிவேட்டில் உண்மைப் பெயரை எழுதப் போவதும் இல்லை.

முடிவாக

1801ல் கேட்கப்பட்ட கேள்வி, நீ கம்பெனி பக்கமா, மருது பக்கமா? 1878ல் கேட்கப்பட்டது, நீ வெள்ளையா, கறுப்பா? 1959ல்தான் முதல் முறையாக, உனக்கு இது எதற்கு என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைச் சட்டம் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் 158 வருடங்கள்.

துப்பாக்கி நிறைந்த நாடாக நாம் மாற வேண்டியதில்லை, மாறவும் கூடாது. ஆனால் புதிதாக ஒரு கட்டுப்பாடு வரும்போதெல்லாம் அது தடுப்பது குற்றத்தையா, அல்லது அதிகாரத்தில் இருப்பவர் நம்பாத ஒரு கூட்டத்தையா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். ஆயுதத்தை இழந்த காவல்காரனின் பிள்ளைகளைப் பின்னால் வந்த ஆங்கிலேயச் சட்டம் குற்றப் பரம்பரை என்றே முத்திரை குத்தியது. அந்த முத்திரையை அழிக்க 1947 வரை போராட வேண்டியிருந்தது. ஒரு பதிவேட்டில் பெயர் எழுதச் சொல்லும்போதுகூட இந்த வரலாறு நினைவில் இருப்பது நல்லது.