முற்றத்தில் ஓடும் ரயில்: 45 மில்லிமீற்றர் பாதையின் கதை

வீட்டு வளவில் செடிகளுக்கும் கற்களுக்கும் இடையே தண்டவாளம் போட்டுச் சிறிய ரயில் ஓட்டுவது ஜேர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளில் பலரின் பொழுதுபோக்கு. மேசையில் ஓடவிட்டுப் பெட்டிக்குள் எடுத்து வைக்கும் ரயில் அல்ல இது. மழையிலும் வெயிலிலும் பனியிலும் பாதை வெளியிலேயே கிடக்கும். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 45 மில்லிமீற்றர்.

இந்த அகலம் பழையது. ஆனால் அதைத் தோட்டத்துக்குப் பரவலாகக் கொண்டுவந்தது ஜேர்மனியின் லேமன் நிறுவனம். 1881 இல் பிராண்டன்பேர்க் நகரில் தொடங்கிய இந்த நிறுவனத்தின் தகர விளையாட்டுப் பொருட்கள் உலகெங்கும் விற்பனையாகின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நகரம் சோவியத் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தது. தொழிற்சாலை பறிபோனது. உரிமையாளர் யோஹானஸ் ரிக்டரின் குடும்பம் மேற்கே நியூரம்பேர்க்குக்கு இடம்பெயர்ந்து, 1950களின் தொடக்கத்தில் புதிதாகத் தொழிலைத் தொடங்கியது. பழைய தொழிற்சாலை அரச நிறுவனமாகப் பிராண்டன்பேர்க்கிலேயே இயங்கியது. இடம்பெயர்ந்த அந்தக் குடும்பம்தான் 1968 இல் எல்.ஜி.பி. என்ற தோட்ட ரயிலை வெளியிட்டது. 2006 இல் நிறுவனம் முறிந்தது. மறு ஆண்டு மேர்க்லின் நிறுவனம் அதை வாங்கியது. ரயில்கள் இன்றும் அதே பெயரில் விற்பனையாகின்றன.

எல்.ஜி.பி.யின் அளவு 1:22.5. அதாவது ஒரு மீற்றர் அகலமான மலைப்பாதைகளின் சிறு உருவம். அதே 45 மில்லிமீற்றரில் 1:32 அளவு ரயிலை வைத்தால் அது ஐரோப்பாவின் பெரிய பாதையைக் குறிக்கும். எங்கள் வடபகுதிப் பாதையின் அகலம் 1676 மில்லிமீற்றர். ஆகவே யாழ்தேவியைச் சரியான விகிதத்தில் செய்ய விரும்புபவர் ஏறத்தாழ 1:37 அளவில் செய்ய வேண்டும். 20 மீற்றர் நீளமான பெட்டி அப்போது 54 சென்ரிமீற்றராக வரும்.

1990 இல் யாழ்ப்பாணச் சேவை நின்றபின் எங்கள் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகின. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்பி வரும்வரை, எங்கள் பிள்ளைகள் பலர் தண்டவாளத்தைப் பார்த்தது அந்தக் கூரைகளில்தான். அவர்களுக்குச் சொல்ல, பழைய நிலையங்களைச் சிறிதாகச் செய்து முற்றத்தில் வைப்பதும் ஒரு வழி. ஆயத்தமாக வாங்கும் ரயில்கள் விலை கூடியவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நிலையக் கட்டடங்களையும் பெட்டிகளையும் மரத்தில் நாமே செய்யலாம்.

பாதை போடுவதில் கவனிக்க வேண்டியது நிலம். மண்ணை 10, 15 சென்ரிமீற்றர் தோண்டி, உடைத்த சல்லியால் நிரப்பி, அதன்மேல் தண்டவாளத்தை வைக்க வேண்டும். உருண்டைக் கூழாங்கல் உருளும். சல்லியின் முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், நீரும் வடியும். சிமெந்தில் இறுக்கிப் பூட்டுவது பிழை. வெப்பம் 30 பாகை கூடினால் 10 மீற்றர் பித்தளைத் தண்டவாளம் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் நீளும். போக இடமில்லாவிட்டால் வளையும். ஏற்றம் 100 மீற்றருக்கு 3 மீற்றருக்கு மேல் போனால் இயந்திரம் திணறும்.

மின்சாரத்தைத் தண்டவாளம் வழியாகக் கொடுப்பது வழக்கம். ஆனால் பித்தளை கறுத்துப்போகும். அடிக்கடி தேய்த்துத் துடைக்க வேண்டும். மின்கலத்தை இயந்திரத்துக்குள் வைத்து ரேடியோவால் இயக்கினால் அந்த வேலை பெரும்பாலும் மிச்சம். எங்கள் வெயிலுக்கும் மழைக்கும் இதுவே நல்லது என்று நினைக்கிறேன். எரிவாயுவிலோ ஸ்பிரிற்றிலோ நீரைக் கொதிக்கவைத்து உண்மையான நீராவியில் ஓடும் இயந்திரங்களும் உண்டு. அவற்றின் கொதிகலன் கவனத்துக்குரியது, சிறுவர்களிடம் விடக்கூடாது.

தொடங்குபவருக்கு 12 வளைவுத் துண்டுகள் போதும். 60 சென்ரிமீற்றர் ஆரையுள்ள ஒரு வட்டம் வரும். அதைத் தோண்டாமல் நிலத்தில் வைத்து, ஒரு பெருமழை வரை காத்திருங்கள். எங்கே நீர் தேங்குகிறது, எங்கே வேலி இலை கொட்டுகிறது என்று பார்த்தபின் மண்வெட்டியை எடுக்கலாம்.