பரங்கி விதையின் பழைய கதை



பரங்கிக்காய் நறுக்கும்போது விதையை வழித்துக் குப்பையில் போடுகிறோம். பிறகு அதே விதையைப் பொட்டலமாகக் கடையில் விலை கொடுத்து வாங்குகிறோம். மனிதன் பரங்கியை முதலில் பயிரிட்டதே அந்த விதைக்காகத்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இன்றைய பாடம் அதுதான்.

மெக்சிகோவின் வாகாக்கா மாநிலத்தில் கிலா நாக்கிட்ஸ் என்றொரு குகை இருக்கிறது. 1966இல் கென்ட் ஃபிளானரி என்ற தொல்லியலாளர் அங்கே அகழாய்வு செய்தார். பரங்கி இனத்தின் விதைகளும் காம்புகளும் தோல் துண்டுகளும் கிடைத்தன. 1997இல் புரூஸ் ஸ்மித் என்ற அறிஞர், அந்த விதைகளில் பழமையானவை சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று நிறுவினார். அவை காட்டு விதைகளைவிடப் பெரியவை. பெரியதாகப் பொறுக்கி யாரோ விதைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. அதே குகையில் கிடைத்த மக்காச்சோளக் கதிருக்கு வயது சுமார் 6,250 ஆண்டுதான்.

காட்டுப் பரங்கியின் சதை வாயில் வைக்க முடியாத கசப்பு. விதையிலோ கொழுப்பும் புரதமும் நிறைய. அதனால் விதையைத் தின்றார்கள். கசப்புக் குறைந்த காயின் விதையைத் தலைமுறை தலைமுறையாக எடுத்து வைத்து விதைத்ததால்தான் நாம் இன்று தின்னும் இனிப்புச் சதை வந்தது.

நம் ஊருக்கு எப்படி வந்தது? பெயரே சொல்கிறது. 1498இல் கோழிக்கோட்டில் இறங்கிய போர்த்துக்கீசியரையும் பின்னால் வந்த ஐரோப்பியரையும் நம் முன்னோர் 'பரங்கியர்' என்றார்கள். அவர்கள் வழியாக வந்த காய் பரங்கிக்காய். (கொங்கு நாட்டு உறவினர்களுக்கு அரசாணிக்காய்.) திருஷ்டி சுற்றி உடைக்கும் வெண்பூசணி வேறு, அது ஆசியாவின் சொந்தக் காய். வந்த விருந்தாளி வீட்டு மனுஷியாகிவிட்டாள்: மார்கழிக் கோலத்தில் பல வீடுகளில் வைப்பது பரங்கிப் பூவைத்தான்.

அங்கிருந்து பரங்கி இங்கே வந்த காலத்தில், இங்கிருந்து கரும்பு அங்கே போனது. 1493இல் கொலம்பஸ் தன் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கொண்டுபோனார். இன்று மெக்சிகோவில் பரங்கி விதையை வெல்லப்பாகில் கிளறி மிட்டாய் செய்கிறார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாயின் தங்கை என்று சொல்லலாம். அந்த நிலக்கடலையும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே!

இனி செய்முறை. விதையைக் கழுவி, நார் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காய வையுங்கள். அடிகனமான வாணலியில் சிறுதீயில் வறுத்தால் படபடவென்று பொரியும். உப்பும் மிளகுத்தூளும் தூவினால் மாலைத் தீனி தயார். மிட்டாய்க்கு ஓட்டை உரித்து, ஒரு கப் பருப்புக்கு முக்கால் கப் வெல்லம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகைத் தண்ணீரில் விட்டால் உருண்டு, தட்டினால் 'டக்'கென்று கேட்கவேண்டும். அப்போது பருப்பைப் போட்டுக் கிளறி, நெய் தடவிய தட்டில் கொட்டுங்கள்.

உரித்த பருப்பு 100 கிராமில் சுமார் 30 கிராம் புரதம். நிலக்கடலையில் சுமார் 25. ஆனால் பாதிக்குப் பாதி கொழுப்பு, அதனால் ஒரு கைப்பிடி போதும். சின்னக் குழந்தைகளுக்கு முழு விதை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக வீட்டுப்பாடம். நாட்டுக்காயாக இருந்தால் எல்லா விதையையும் வறுத்துவிடாதீர்கள். பத்து விதையைச் சாம்பலில் புரட்டி எடுத்து வைத்து, ஆடியில் ஊன்றுங்கள். காய்க்கும் காய் கசந்தால் மட்டும் தின்னாமல் எறிந்துவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு. 10,000 ஆண்டாக யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் விதை எடுத்து வைத்ததால்தான் இந்தக் காய் நம் அடுப்படி வரை வந்தது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் அதைச் செய்தார்கள். நம் தலைமுறையில் அது நின்றுபோக வேண்டாம்.

கொடி படர்ந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். மதிப்பெண் உண்டு!