தறிவீட்டுக் குழந்தையும் ஆராய்ச்சியின் கணக்கும்

குழந்தைகளின் நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகளைப் பற்றி நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளுள் முன்வைத்து எண்ணத்தக்கது, 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இன்க்லென்’ ஆய்வு. பல்வல், காங்ரா, தேன்கனால், ஐதராபாத், வடகோவா என்னும் ஐந்து பகுதிகளில், இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள 3,964 குழந்தைகளைப் பரிசோதித்த அவ்வாய்வு, பார்வை, செவி, பேச்சு, அங்க இயக்கம், அறிவு வளர்ச்சி, வலிப்பு, ஆட்டிசம் முதலியவற்றுள் ஒரு குறையேனும் உடையவர்கள், ஆறு வயதுக்குட்பட்டோரிடையே இடத்துக்கு இடம் நூற்றுக்கு 2.9 முதல் 18.7 வரையும், அதற்கு மேற்பட்டோரிடையே 6.5 முதல் 18.5 வரையும் இருக்கக் கண்டது. பிரசவ காலத்து மூச்சுத்திணறல், சிசுப் பருவத்து நோய், எடைக்குறைவு, மூளைத் தொற்று என்று அது சுட்டிய காரணங்களிற் பல, தக்க சிகிச்சையால் தடுக்கக்கூடியவை. இவ்வளவும் பேருபகாரம். ஆயினும், அந்தக் கணக்கைக் கையில் வைத்துத் திட்டம் வகுப்போர், குழந்தையைத் தனியே நிறுத்தி எண்ணுவதோடு அமைந்து, அக்குழந்தை வளரும் வீட்டின் ஜீவனோபாயத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனை எடுக்காத வரையில், எந்தச் சிகிச்சையும் பாதி வழியில் நின்றுவிடும் என்பதே என் அபிப்பிராயம்.

காஞ்சிபுரத்தை நோக்குவோம். பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நெய்யப்படும் கோர்வைச் சேலையின் இலக்கணம், உடலும் கரையும் வெவ்வேறு நிறமாயிருந்து, ஒவ்வோர் ஊடையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது. உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டியிருப்பதால், தறிக்குழியில் காலிட்டு அமர்ந்த நெசவாளி ஒருவரால் மட்டும் அது ஆகாது. பக்கத்தில் அமர்ந்து மறுகரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முற்காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் முன்பணத்துக்குக் கட்டுண்ட சிறுவர்கள் இருந்தனர்; அக்கொடுமை சட்டத்தாலும் முயற்சியாலும் ஒடுங்கியபின், எத்தனையோ வீடுகளில் அங்கே அமர்ந்தவள் மனைவி. அவளே ராட்டையில் தார் சுற்றுகிறாள், அவளே சமைக்கிறாள், கழுத்து நில்லாத குழந்தையைத் தறிக்கருகே பாயிற் கிடத்தி, நாடா ஓடும் இடைவெளியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்பவளும் அவளே. அக்குழந்தையின் சிகிச்சைக்கென்று அவள் ஒரு நாள் எழுந்து போனால், நிற்பது ஒருவர் வேலை அன்று, தறியே நிற்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் குடும்பத்தில், அந்த ஒரு நாள் இரண்டு பேர் சம்பாத்தியம். ‘பெற்றோர் ஒழுங்காக வருவதில்லை’ என்று சிகிச்சை மையங்களிற் சொல்லப்படும் குறை, ஆராய்ந்து பார்த்தால், பெற்றோர் குறையே அன்று.

குறை தெரிந்தும் சிகிச்சைக்குப் போகாமல் காத்திருத்தலைப் பற்றியும் இங்கே நியாயமாகச் சொல்லவேண்டும். ‘இவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு’ என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவதும், பேசாத பிள்ளையைக் காமாட்சி சந்நிதிக்குத் தூக்கிச் செல்வதும் இவ்வூர் வழக்கம். வாய்பேசாத அடியவர் ஒருவர் அம்மையின் அருளால் மூகபஞ்சசதி பாடினார் என்பது இத்தலத்து ஐதிகம். ஐந்து வயதுவரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்த வரலாறும் தமிழ்நாடு அறிந்ததே. இந்த நம்பிக்கையைப் பழிப்பவர், தாய்க்கு அது தரும் பலத்தை அறியாதவர். சந்நிதிக்குப் போவது பரிசோதனைக்குப் போவதற்குத் தடையும் அன்று. ஆனால் மூளை எளிதில் வசப்படும் காலம் முதற்சில ஆண்டுகளே ஆதலால், காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் குழந்தைக்கு நஷ்டம். குறைகளை இளமையிலேயே கண்டறிய 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், அங்கன்வாடிக்கே மருத்துவக் குழுவை அனுப்புகிறது. கண்டறிந்தபின் நெடுங்காலம் நடக்கவேண்டிய பயிற்சிதான் வீட்டுக்கு எட்டாமற் போகிறது. பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்தபோது அது காஞ்சிபுரம் மாவட்டத்து எல்லைக்குள்தான் இருந்தது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமான பின்னர் பெயரளவிலும் அயலாயிற்று. எல்லை எதுவாயினும், காஞ்சி நகரிலிருந்து பேருந்து மாறிக் கிழக்குக் கடற்கரை சேர்ந்து திரும்புவது, அந்தத் தாய்க்கு ஒரு முழுப்பகல்.

வீட்டுக்கே செல்லும் பயிற்சி பயன் தருமா என்று ஐயுறுவோருக்குச் சான்று உண்டு. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உடைய 65 குழந்தைகளைக் கொண்டு நடந்து 2016-இல் வெளியான சோதனையில், நிபுணரல்லாத பணியாளர்கள், தாயும் சேயும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைப் பெற்றோருக்கே காட்டிக் கற்பித்தனர். குழந்தையின் போக்கறிந்து பெற்றோர் பேசுவதும், குழந்தை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் மிகுந்தன. இருவரும் ஒன்றையே கூடிக் கவனிக்கும் நேரம் மட்டும் குறைந்தது என்பதையும் ஆய்வாளர் மறைக்கவில்லை. தமிழகத்திலேயே, 1981-இல் ஆய்க்குடியில் ராமகிருஷ்ணன் நிறுவிய அமர் சேவா சங்கம், கிராமத்துப் பெண்களைப் பணியாளராகப் பழக்கி, வீட்டு வாசலில் இவ்வேலையைச் செய்துவருகிறது.

எனினும் இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதைத் தட்டிக்கழிக்க இயலாது. பயிற்சியைத் தாயிடம் ஒப்படைப்பது, அடுப்பும் தறியும் சுமக்கும் அவள் தலையில் மூன்றாவது பாரத்தை ஏற்றுவதாகாதா? ஆகும். தார் சுற்றும்போது ‘இப்போது நீ, இப்போது நான்’ என்று முறைவைத்து ராட்டையைத் தொடச்செய்வது போன்ற சில, வேலையோடு இயல்பாய்ப் பொருந்தும். இறுகிய கால்களைத் தளர்த்தும் பிசியோதெரபி பொருந்தாது. அதற்குத் தனியே நேரமும், கற்ற கைகளும் வேண்டும். அந்த நேரத்துக்கு விலை தர வேண்டியவர் யார்? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 24-ஆம் பிரிவில், மிகுந்த துணை வேண்டுவோரைப் பராமரிப்பவருக்கான உதவித்தொகையைக் குறிப்பிடுகிறது. அதன் அளவை எதைக்கொண்டு நிர்ணயிப்பது என்பதே ஆராய்ச்சி விடைகாண வேண்டிய வினா. காஞ்சியில் அதற்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. பாவு வாங்கிய தேதியும் சேலை கொடுத்த தேதியும் கூட்டுறவுச் சங்கத்துப் பதிவேட்டில் வரிவரியாக இருக்கின்றன. குறையுள்ள குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு சேலை முடிய எத்தனை நாள் மிகுதியாகிறது என்பதை, அவ்வீட்டார் இசைவோடு, அந்த ஏடுகளிலிருந்து கணக்கெடுத்தால், தாய் இழக்கும் கூலி ரூபாயில் தெரிந்துவிடும். உதவித்தொகையை அந்தத் தொகையிலிருந்து தொடங்கலாம்.